ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு பேமிலி கார்டு

போன மாசம் கூடலூர் பக்கத்துல இருக்கிற ஓவேலிக்குப் போயிருந்தேன். சிலோன்ல இருந்து வந்த ஒரு பாட்டி, ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பேமிலி கார்டை எடுத்தாங்க. நான் போனைத் தூக்கினதும் கையால மறைச்சிட்டாங்க. "எதுக்குப் படம் புடிக்கிற? யாருக்குக் காட்டுவ?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 1948-ல் வந்த சிலோன் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இந்த எண்களை எழுதும்போது அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். பலருக்கு நீலகிரியில் டேன்டீ தோட்ட வேலை. குடும்பத்தில் யார் யார் என்ற விவரமெல்லாம் அந்த ஒரு கார்டில்தான். மறுவாழ்வு உதவி வேண்டுமென்றால் அதை நீட்டியே ஆகணும்.

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதுக்குத் தகவல் வாங்குறோம்னு சொல்லிட்டுத்தான் சம்மதம் கேட்கணும் என்கிறது. பாட்டி கேட்டதும் அதேதான். கேட்ட இடத்தில் எல்லாம் கார்டை நீட்டியே பழகினவங்க, என்கிட்டதான் முடியாதுன்னு சொல்ல முடிஞ்சது.

நான் படம் எடுக்கலை. பாட்டி கார்டை மடிச்சு வெச்சுட்டு, டீ போட எழுந்தாங்க.