வாஷ்பேசினும் ஒரு பழைய மரப்பெட்டியும்

குளியலறையைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். மர அலமாரி, அதன் மேல் பாயசக் கிண்ணம் மாதிரி ஒரு வாஷ்பேசின். "இதுக்குப் பேரு வேனிட்டிப்பா. இப்ப எல்லாரும் இதான் போடறாங்க" என்றான். வேனிட்டி என்றால் தற்பெருமை என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள்!

உண்மையில் இது பழைய சங்கதி. குழாய் வருவதற்கு முன் இங்கிலாந்தில் வசதியானவர்கள் படுக்கையறையில் ஒரு மர மேசை இருக்கும். அதன் மேல் பீங்கான் கிண்ணமும் கூஜாவும். வேலையாள் வெந்நீர் கொண்டு வருவார், அழுக்குத் தண்ணீரை எடுத்துப் போவார். குழாய் வந்ததும் மேசையில் ஓட்டை போட்டுக் கிண்ணத்தைப் பதித்தார்கள். கீழே தெரியும் குழாயை மறைக்க மரப்பெட்டி அடித்தார்கள்.

சாக்கடையோடு சேர்த்த குழாயில் நாற்றமும் மேலே வருமே? அதற்கான வழி ஏற்கெனவே இருந்தது. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர், தான் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் குழாயை வளைத்து, வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி செய்தார். அந்தத் தண்ணீர்தான் மூடி. பேசினுக்கு அடியில் இன்றும் அதே வளைவுதான். ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் குளியலறை நாறுவது அந்தத் தண்ணீர் வற்றியதால்தான். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

மரப்பெட்டிக்குள் குழாய் கசிந்தால் யாருக்கும் தெரியாது. ஈரமும் பூச்சியும் சேரும். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுகாதாரம் பேசியவர்கள், "பெட்டியைக் கழற்றுங்கள், குழாய் கண்ணில் படட்டும்" என்றார்கள். சுவரில் பொருத்தும் பேசினும் காலில் நிற்கும் வெள்ளைப் பீங்கான் பேசினும் அப்படிப் பரவியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சாமான் வைக்க இடம் வேண்டும் என்று அமெரிக்க வீடுகளில் பெட்டி திரும்பி வந்தது. இப்போது நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

சென்னைக்குச் செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-லேயே வந்துவிட்டது. எங்கள் கிராமத்தில் என் சிறுவயதிலும் கிணற்றடிதான். தேங்கிய தண்ணீரில் முகம் கழுவுவது பாட்டிக்கு ஆகாது. சொம்பில் மொண்டு ஊற்றித்தான் கழுவ வேண்டும். பிறகு நாங்கள் குடியிருந்த வீடுகளில் பேசினோடு வந்த அடைப்பானும் சங்கிலியும் ஒரு நாளும் பயன்பட்டதில்லை. வெள்ளைக்காரன் கிண்ணத்தை நிரப்பிக் கழுவினான். நாம் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினோம்.

இத்தனையும் சொன்ன பிறகு மகன் கேட்டான், "சரி, அம்மாவுக்கு எது பிடிக்குதாம்?"

அதுவரை நான் அவளைக் கேட்கவே இல்லை.

போன வருடம் முட்டி அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் பல் தேய்க்கிறாள். கேட்டதும் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "கீழே பெட்டி இருந்தா நான் காலை எங்கே நீட்டறது?"

சுவரில் பொருத்தும் சாதாரண பேசின்தான் வாங்கினோம். அடியில் வளைவு நன்றாகத் தெரிகிறது. நாற்காலியும் உள்ளே போகிறது.