பூஜ் ஓடுபாதையும் மாதாபர் பெண்களும்

ஊருக்குப் போய்விட்டு மும்பை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பூஜில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் மூடிகளை இறக்கச் சொன்னார்கள். "ஏம்பா மூடச் சொல்றாங்க?" என்றாள் மகள். "இது விமானப்படை தளம்மா, படம் எடுக்கக் கூடாது" என்று சமாளித்தேன். மிச்சக் கதையைக் காந்திதாம் வந்து சேரும்வரை காரில் சொன்னேன். கட்ச் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இது தெரியாது என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பூஜில் பயணிகள் விமானமும் போர் விமானமும் ஒரே ஓடுபாதையைத்தான் பயன்படுத்துகின்றன. பாகிஸ்தான் எல்லை பக்கத்திலேயே இருப்பதால், சண்டை என்று வந்தால் கட்ச் வானத்துக்கு இதுதான் காவல். 1965 போரில் குஜராத் முதல்வர் பல்வந்த்ராய் மேத்தா போன சிறிய விமானத்தை இதே கட்ச் பகுதியில்தான் பாகிஸ்தான் விமானப்படை சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை.

1971 டிசம்பரில் அடி தளத்தின் மீதே விழுந்தது. 8ஆம் தேதி இரவு நடந்த குண்டுவீச்சில் ஓடுபாதையில் பெரிய பெரிய பள்ளங்கள். நடுவில் ஒரு பள்ளம் இருந்தாலே போதும், தளத்தில் எத்தனை விமானம் நின்றாலும் ஒன்றும் கிளம்ப முடியாது. சரிசெய்யப் போதுமான ஆட்கள் இல்லை. தளத்தின் பொறுப்பிலிருந்த ஸ்குவாட்ரன் லீடர் விஜய் கார்னிக் பக்கத்து ஊர்க்காரர்களிடம் உதவி கேட்டார். மாதாபர் கிராமத்திலிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

மேலே இருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று அவர்களுக்குப் பச்சைப் புடவை. வேலை நடக்கும் இடம் தெரியாமலிருக்க ஓடுபாதையைச் சாணியால் மெழுகினார்கள். சைரன் ஒலித்தால் ஓடிப்போய்ப் புதருக்குள் பதுங்க வேண்டும், நின்றதும் மறுபடி வேலை. முதல் நாள் சாப்பாடு கிடையாது, பட்டினியோடு படுத்தார்கள். மறுநாள் பக்கத்துக் கோயிலிலிருந்து இனிப்பும் பழமும் வந்தன. 72 மணி நேரத்தில் ஓடுபாதை தயார். விமானம் மறுபடி கிளம்பியது.

பிறகு இந்திரா காந்தி 50,000 ரூபாய் பரிசு கொடுத்தார். யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குப் பொதுக்கூடம் கட்டக் கொடுத்துவிட்டார்கள். மாதாபரில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 2015இல்தான். 44 வருடம்!

2001 ஜனவரி 26 பூகம்பத்தில் தளமே சிதைந்தது. குடியிருப்புகள் இடிந்து விமானப்படையினரும் குடும்பத்தினரும் பலர் இறந்துபோனார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரமும் சேதம். ஆனால் ஓடுபாதை தாங்கியது. சொந்த வீட்டு இழவோடு நின்றவர்கள் அன்றைக்கே நிவாரண விமானங்களை இறக்கினார்கள். மருத்துவர்களும் மருந்தும் வந்ததும், காயம்பட்டவர்கள் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போனதும் இந்த ஓடுபாதை வழியாகத்தான்.

கதையை முடித்ததும் மகள் கேட்டாள்: "அந்தப் பாட்டிங்க இப்பவும் இருக்காங்களாப்பா?" சிலர் இருக்கிறார்கள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதாபர் போய் அந்த நினைவுச்சின்னத்தைப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. இந்தப் பக்கம் இருப்பவர்கள் நீங்களும் குழந்தைகளோடு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். பூஜ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர்தான்.