கள்ளுக்கடையும் மிதிவண்டியும்

பத்து காவான் என்னும் பெயரிலுள்ள 'பத்து' தமிழ் எண்ணன்று. மலாய் மொழியில் அது கல்லைக் குறிக்கும். 'காவான்' தோழனைக் குறிக்கும். செபராங் பிறையின் தென்மேற்கில், ஒருபுறம் கடலும் ஏனைய புறங்களில் ஆறுகளும் சூழ, நிலத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும் பகுதி இது. இன்று இதன் கரையிலிருந்து பினாங்குத் தீவுக்கு இரண்டாம் பாலம் நீண்டு கிடக்கிறது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர். பாலத்தில் விரைவோர் பலர். அதன் அடியில் கிடக்கும் பழைய செம்மண் சாலைகளை நினைப்போர் சிலரே. அச்சாலைகளின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஐரோப்பாவில் திராட்சை விளையும் நாடுகளில் மிதிவண்டிப் பயணம் பெரிதும் விரும்பப்படும் பொழுதுபோக்காகும். பிரான்சின் அல்சாசுப் பகுதியில் 1953இல் 'மதுச் சாலை' என்றே பெயரிட்டு ஒரு வழியைத் திறந்தனர். செருமானியர் அதற்கு முன்பே, 1935இல், தங்கள் நாட்டில் அத்தகைய சாலை ஒன்றை வகுத்திருந்தனர். திராட்சைக் கொடிகளுக்கிடையே ஓசையற்ற வழிகளில் மிதிவண்டியை உருட்டிச் செல்வதும், ஊர்தோறும் நின்று அவ்வூர் மதுவைச் சுவைப்பதும் அங்கே இன்பச் செலவு.

நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களிலும் மது விளைந்தது. ஓசையற்ற சாலைகளும் இருந்தன. பிற்காலத்தில் மிதிவண்டியும் வந்தது. எனினும் அந்த மூன்றும் இங்கே கூடியபோது பிறந்த வரலாறு முற்றிலும் வேறானது.

பத்து காவானில் முதலில் விளைந்தது கரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோச்சூ சீனர் இங்குக் கரும்பு பயிரிட்டனர். 1840களில் ஐரோப்பிய முதலாளிகள் இப்பகுதியில் காலூன்றினர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பட்டவர்களே அவர்களுடைய கரும்புக் காடுகளில் உழைத்தனர். காய்ச்சலாலும் கடுமையான வேலையாலும் மாண்டோர் பலர். மலாயாவில் அவ்வொப்பந்த முறை 1910இல் முடிவுற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் கரும்பும் விடைபெற்றது. அதன் இடத்தில் ரப்பரும் தென்னையும் வந்தன. இங்கிருந்த ஆங்கில நிறுமம் தன் பெயரிலேயே ரப்பர், தென்னை என்னும் இரண்டையும் தாங்கியிருந்தது.

ரப்பருக்கு உலகில் அத்துணை மதிப்பு ஏற்பட்டதற்கு முதற்காரணம் மோட்டார் வண்டியன்று, மிதிவண்டியே. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த சக்கர உறையைக் கண்டறிந்து உரிமை பெற்றது தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டியின் பொருட்டே. அதன்பின் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பற்றிக்கொண்ட மிதிவண்டி வேட்கைதான் ரப்பருக்குப் பெருஞ்சந்தையைத் திறந்துவிட்டது. மோட்டார் வண்டி அதைப் பன்மடங்கு பெருக்கிற்று. மலாயாவில் காடழிந்து தோட்டங்கள் எழுந்தன. ஆக, விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, இருளில் மரம் சீவி, நம் பாட்டன்மார் எடுத்த பாலிலே உலகத்தின் மிதிவண்டிகள் ஓடின என்று சொல்வது மிகையாகாது.

தென்னையின் கதைக்கு வருவோம். தென்னம்பாளையைக் கட்டி, சீவி, கலயம் மாட்டினால் இனிய சாறு வடியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். திராட்சை மது ஆண்டுகள் செல்லச் செல்ல விலையேறும் என்பர். கள்ளோ அன்றைக்கே குடித்துத் தீர்க்கவேண்டிய பொருள். நாள் கடந்தால் காடியாகிவிடும். எனவே அதை நெடுந்தொலைவு கொண்டுசென்று விற்பது கடினம். விளையும் இடத்திற்கருகிலேயே குடிப்பவனும் இருக்கவேண்டும். தோட்டத்தில் தென்னையும் உண்டு, மாலையில் களைத்துத் திரும்பும் தொழிலாளியும் உண்டு. லயத்திற்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை அமைந்ததில் வியப்பென்ன?

கள்ளுக்கடையை ஆதரித்தோர் சொன்ன காரணங்களையும் நாம் அறிந்துகொள்ளவேண்டும். கள் சத்துள்ளது என்றனர். அதை மூடினால் தொழிலாளர் நஞ்சனைய கள்ளச் சாராயமாகிய சம்சுவை நாடுவர் என்றனர். தோட்டக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்றனர். இவற்றுள் சம்சுவைப் பற்றிய அச்சம் பொய்யன்று; அதனால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும் ஒருவன் பெற்ற கூலி அவனிருக்கும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே திரும்பிப் போய்ச் சேருமாறு அமைந்த ஏற்பாட்டை நலன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் கேப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்கை மதுவாகவே கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்கும் குடி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. மது விளையும் நிலத்தின் அழகைப் பாடுவோர் அதில் உழைப்பவனைக் காண்பது அரிது.

இனி மிதிவண்டி. தோட்டத்தில் அதை முதலில் வைத்திருந்தோர் கிராணிமாரும், தோட்டப் பள்ளி ஆசிரியர் போன்றோருமே. பின்னர், சிறுகச் சிறுகச் சேர்த்த தொழிலாளி ஒருவனும் இருவனும் வாங்கத் தொடங்கினர். மிதிவண்டி வாங்கியவனுக்கு உலகம் விரிந்தது. பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாவிற்குப் போகலாம். உறவினரைக் கண்டு இரவுக்குள் திரும்பலாம். பட்டணத்திற்குச் சென்று செய்தித்தாள் வாங்கி வரலாம். வேறு தோட்டத்தில் என்ன கூலி கொடுக்கின்றனர் என்று கேட்டறியலாம். கள்ளுக்கடை மனிதனைத் தோட்டத்திற்குள் நிறுத்தியது. மிதிவண்டி அவனை வெளியே கொண்டுசென்றது.

ஆனால் சாலை துரைக்குச் சொந்தம். மலாயாத் தோட்டங்களில் ஒரு வழக்கம் பரவியிருந்தது. எதிரே துரை வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி, அவர் கடந்து செல்லும்வரை நிற்கவேண்டும். துரைக்கு மட்டுமன்று, ஆசிய அலுவலர்க்கும் அவ்வாறே இறங்கவேண்டியிருந்தது. அந்த அலுவலர் யார்? மலையாளியாக இருப்பார், யாழ்ப்பாணத்தவராக இருப்பார், தமிழகத்தவராகவும் இருப்பார். தமிழகத்துச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்டோர் பிற சாதியார் தெருவில் மிதிவண்டி ஏறிச் செல்லலாகாது என்ற கொடுமை இருந்ததை எண்ணிப் பார்த்தால், துரைமார் இவ்வழக்கத்தைப் புகுத்த அதிகம் பாடுபட்டிருக்கமாட்டார்கள் என்றே தோன்றுகிறது. இறக்குவோரும் இறங்குவோரும் அதை ஊரிலேயே பழகியிருந்தனர்.

இவ்விரண்டு சிக்கல்களும் ஒரே தாளில் எழுதப்பட்ட ஆண்டு 1941. சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் அவ்வாண்டு மார்ச் மாதத்திலிருந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவராக நின்று அவர்களை வழிநடத்தியவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம், பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை எனக் கோரிக்கைகள் பல. அவற்றுள் இரண்டு: கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரைமார் முன்னும் ஆசிய அலுவலர் முன்னும் மிதிவண்டியில் ஏறிச் செல்ல விடவேண்டும்.

ஊதிய உயர்வு கேட்ட தாளில் மிதிவண்டியைப் பற்றியும் எழுதியதைச் சிறுபிள்ளைத்தனம் என்று எண்ணுவோர் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. வயிற்றுக்கு மட்டும் போராடியவர்களாக அவர்களைக் காட்டும் வரலாற்று நூல்களுக்கு மறுமொழி அவ்வொரு வரியிலே இருக்கிறது. கள்ளுக்கடையை மூடுக என்று குடித்தவர்களே கேட்டதும், இறங்கமாட்டோம் என்று இறங்கிப் பழகியவர்களே சொன்னதும் தன்மானம் விழித்ததன் அடையாளங்கள். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. பினாங்கில் வந்திறங்கி மலாயாவெங்கும் ஆற்றிய சொற்பொழிவுகளுக்கும் இவ்விழிப்பில் பங்குண்டு.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி மூண்டது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது.

அடுத்து நடந்ததை எந்தக் கதாசிரியனும் துணிந்து எழுதமாட்டான். அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். அவர்தம் காலாட்படையில் பெரும்பகுதி மிதிவண்டியில் வந்தது. ஆங்கிலேயர் பாலங்களைத் தகர்த்தாலும், மிதிவண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். சக்கர உறை கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்தின்மேலேயே ஓட்டினர். டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்த ஐரோப்பியர், மற்றவர்க்குச் சொல்லாமலே இரவோடிரவாக வெளியேறினர். கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலக் கொடியை இறக்கும் பணி, இலங்கைத் தமிழரும் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழாசிரியருமான மாணிக்கசோதி சரவணமுத்துவிடம் வந்து சேர்ந்தது. மே மாதத்தில் மிதிவண்டிக்காகத் துப்பாக்கியை எதிர்கொண்ட மக்கள், ஆண்டு முடிவதற்குள் தங்கள் துரைமாரை மிதிவண்டிப் படையொன்று துரத்துவதைக் கண்டனர். அதில் மகிழ நம்மவர்க்கு நெடுநாள் வாய்க்கவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழரைத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் சென்றவரும் அதே சப்பானியரே.

போருக்குப் பின் கள்ளெதிர்ப்பு மீண்டும் எழுந்தது, இம்முறை பத்து காவானுக்கு அண்மையில். கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் அவர்களுக்கும் காவல்துறைக்கும் மோதல் ஏற்பட்டது. கள்ளுக்கடை உடனே ஒழியவில்லை. துரை முன் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கமோ, அதை ஒழிக்க ஆணை ஏதும் பிறக்காமலே, அஞ்சுவோர் குறையக் குறைய மெல்லத் தேய்ந்து போயிற்று.

பத்து காவான் தோட்டமும் இன்று பெரும்பாலும் இல்லை. 1990களில் அது பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் புதிய நகரத் திட்டத்திற்கு உட்பட்டது. 2000இல் விளையாட்டரங்கம் எழுந்தது. பின்னர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. எனினும் புக்கிட் தம்புன் பக்கமும், பூலாவ் அமானுக்குப் படகேறும் பத்து மூசாங் பக்கமும் அமைதியான வழிகள் இன்னும் எஞ்சியுள்ளன. விடுமுறை நாள்களில் மிதிவண்டி ஓட்டுவதற்கு ஏற்ற சாலைகள் அவை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1950களில் தோட்டத்துச் சிறுவராக இருந்தோர் இன்று முதியோராய் நம்மிடையே வாழ்கின்றனர். மாணவர்களை அவர்களிடம் அனுப்பி மூன்று வினாக்களைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்: உங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை எங்கே இருந்தது? வீட்டிற்கு முதல் மிதிவண்டி எப்போது வந்தது? அதிலிருந்து யார் முன்னே, எந்த இடத்தில் இறங்க வேண்டியிருந்தது?