பழைய மாசி 1035 வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்க்காதீங்க, லிஃப்ட்டைப் பாருங்க!

வைகை அணையிலிருந்து பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் வரப்போகுது என்றாலே மதுரை வட்டாரத்தில் டிராக்டருக்கு கிராக்கி தொடங்கிவிடும். வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் ஜூன் மாதத்தில், மேலூர் பக்கம் செப்டம்பரில். தொழி உழவுக்கு எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வண்டி தேவைப்படும். வாடகை வண்டிக்கு காத்திருந்து வெறுத்துப் போனவர்களின் கண்ணில்தான் கன்சல்டிங்கில் புது பெயின்ட் அடித்து நிற்கும் பழைய டிராக்டர் படும். 25, 30 வருஷ வண்டியை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேசுகிறார்கள். அங்கேதான் தப்பு.

எந்த வண்டி?

தென் மாவட்டங்களில் பழைய டிராக்டர் என்றால் முதலில் வரும் பெயர் மாசி பெர்குசன் 1035. 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே தயாரிப்பு. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின், சுமார் 35 ஹெச்பி. டாஃபேவுக்கு மதுரை வட்டாரத்திலேயே ஆலை இருக்கிறது. பல வருஷமாக ஒரே அமைப்பில் வந்த வண்டி என்பதால் உதிரி பாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் அலைய வேண்டியதில்லை. இந்த ஒரு காரணமே போதும்.

ஐஷர் பழைய மாடல்கள் காற்றில் குளிரும் எஞ்சின் கொண்டவை. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் வைக்கோல் தூசி அடைத்தால் சூடேறிவிடும். 2005-ல் ஐஷர் டிராக்டர் பிரிவை டாஃபே வாங்கியது. ஹெச்எம்டி உழைப்பாளி வண்டிதான், மறுக்க முடியாது. ஆனால் அந்த டிராக்டர் பிரிவை மூட 2016-லேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆசைக்கு வாங்கலாம், பிழைப்புக்கு வாங்குவதற்கு முன் உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பார்க்கப் போகும்போது...

"நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்க. சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அது அடம்பிடிக்கும் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, லைனர், பிஸ்டன் செலவு வரலாம். கரும்புகை மட்டும் என்றால் நாசில், ஏர் ஃபில்டர் போன்ற சின்ன வேலையாகவும் இருக்கலாம். எஞ்சின் வேலை எவ்வளவு பெரிதானாலும் கணக்குப் போட்டுவிட முடியும், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

லிஃப்ட் அப்படியில்லை. ஹைட்ராலிக்கில் கோளாறு என்றால் பின்பக்கத்தையே பிரிக்க வேண்டியிருக்கும். ஒன்பது கொத்துக் கலப்பையையோ ரோட்டவேட்டரையோ மாட்டி முழுசாகத் தூக்கச் சொல்லுங்க. எஞ்சினை நிறுத்திவிட்டு பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்க. கலப்பை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் உள்ளே ஆயில் கசிகிறது என்று அர்த்தம்.

மணி மீட்டரை நம்ப வேண்டாம், கேபிளைக் கழற்றினால் அது நின்றுவிடும். பெடல் தேய்மானம், பிடிஓ தண்டின் பல், லிஃப்ட் கையில் முள் மாட்டும் ஓட்டை ஆகியவை பொய் சொல்லாது. வட்ட ஓட்டை முட்டை வடிவில் இருந்தால் வண்டி நிறைய உழைத்திருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தால் புஷ், பேரிங் நிலவரம் தெரிந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க (எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும்). உப்பு போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிந்திருக்கும்.

பின் டயர் மொட்டையாக இருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. புது டிராக்டருக்கும் 12 சதவீதம் 5 ஆகிவிட்டது. பழைய வண்டி விற்பவர் இன்னும் பழைய கணக்கையே சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்க.

இரண்டு நெம்புகோல் எதுக்கு?

சீட்டின் பக்கத்தில் இரண்டு லிஃப்ட் நெம்புகோல் இருக்கும். ஒன்றை மட்டுமே வருஷக்கணக்காக ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். பொசிஷன் என்பது கலப்பையை ஒரே உயரத்தில் நிறுத்துவது, ரோட்டவேட்டருக்கு இதுதான். டிராஃப்ட் என்பது அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் கொடுத்த சங்கதி. திருமங்கலம், கள்ளிக்குடி கரிசலில் கலப்பை இறுக்கமான இடத்தில் மாட்டும்போது மேல் இணைப்புக் கம்பி அழுந்தும். அதை உணர்ந்து லிஃப்ட் தானாகக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும், பின் சக்கரத்துக்கு பாரம் கூடும், சக்கரம் வழுக்காது. டீசலும் டயரும் மிச்சம்.

ஒற்றை கிளட்ச் உள்ள பழைய வண்டியில் கிளட்சை மிதித்தால் பிடிஓவும் நிற்கும், லிஃப்ட்டும் வேலை செய்யாது. ரோட்டவேட்டர் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இரட்டை கிளட்சா என்று கேட்டுவிட்டுப் பேசுங்க.

உயிரைக் காவு வாங்கும் மூன்று பழக்கங்கள்

பழைய வண்டியில் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் பெரும்பாலும் இருக்காது. சேற்றில் பின் சக்கரம் புதைந்தால் கட்டையைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டி முன்னால் எடுப்பது வயலில் சகஜம். சக்கரம் சுற்ற முடியாமல் போனால், எஞ்சின் விசை சக்கரத்துக்குப் பதில் வண்டியின் மூக்கைத் தூக்கும். ஓரிரு நொடியில் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேல் விழும், குதிக்க நேரமே கிடைக்காது. பின்னால் எடுத்துப் பாருங்க, இல்லையென்றால் மண்ணைத் தோண்டி இன்னொரு வண்டியை வைத்து இழுங்க. சங்கிலியை எப்போதும் கீழே உள்ள டிராபாரில்தான் மாட்ட வேண்டும், மேல் இணைப்புக் கம்பி மாட்டும் இடத்தில் கூடவே கூடாது.

அடுத்தது பிடிஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. தோள் துண்டோ, சேலை முந்தானையோ, வேட்டி நுனியோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மூடி இல்லாத வண்டிக்கு முதல் செலவே அந்த மூடியாக இருக்கட்டும்.

மூன்றாவது, சாவி வேலை செய்யவில்லை என்று கீழே நின்றபடி ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டரைத் தொட்டு ஸ்டார்ட் செய்வது. வண்டி கியரில் இருந்தால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும்.

ரோட்டில் போகும்போது இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்க. ஒன்றை மட்டும் வேகத்தில் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக் கவிழும். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறினால் அபராதமும் உண்டு.

பேப்பர் எப்படி?

ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் கிடக்கும் வண்டி மலிவாகக் கிடைப்பது அதனால்தான். எஞ்சின் எண், சேஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்க. பேங்க் கடன் பதிவாகியிருந்தால் படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். "அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று கையெழுத்து மட்டும் வாங்கிவைத்த நிலையில் ஒரு விபத்து நடந்தால், நஷ்ட ஈட்டு வழக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவரையும் தேடிப் போகும்.