திறமையின் லாபம்: சீட்டு மேஜை குறித்துச் சில குறிப்புகள்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதிய என் சித்தப்பா ரம்மியில் கெட்டிக்காரர். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் விருதுநகரில் ஒரு கிளப்புக்குப் போய்விடுவார். "கை நல்லா இருந்தா எவனும் ஆடுவான்டா. எப்ப ஸ்கூட் விடணும்னு தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்" என்பார். பொய்யில்லை. அவரோடு உட்கார்ந்தவர்கள் அவருக்குப் பயந்தார்கள். ஆனாலும் பொங்கலுக்குள் சித்தியின் செயின் அடகுக்குப் போய்விடும். திறமை இருந்தும் ஏன் லாபம் இல்லை?

நமது சட்டச் சொல்லாடல் இக்கேள்வியை வேறு மாதிரி கட்டமைத்திருக்கிறது: ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா? 1967இல் ஆந்திர வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு போன்றதல்ல, அதில் திறமையே மேலோங்கியது என்றது. தமிழக அரசு 1974இல் சட்டம் போட்டு ஒழிக்க முயன்ற குதிரைப் பந்தயமும் 1996இல் திறமையாயிற்று. இணைய ரம்மி, போக்கர் மீதான தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. அடுத்து வந்த சட்டத்திலிருந்தும் 2023இல் அவ்விரு ஆட்டங்களை விலக்கியது. வழக்காடியவை ஆட்டக் கம்பெனிகள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கிளப் மேஜை அதில் வராது.

1967 தீர்ப்பில் நாம் கவனிக்கத் தவறிய பகுதி ஒன்றுண்டு. பந்தய ஆட்டத்திலிருந்து இடத்துக்காரன் லாபம் பார்த்தால் ரம்மியும் குற்றமாகலாம். அதாவது கேட்க வேண்டியது, மேஜையிலிருந்து பணம் எங்கே போகிறது என்பதுதான்.

உலகின் மிகப் பெரிய மேஜைகளிலும் இதுவே கேள்வி. 2012இல் லாஸ் வேகாஸில் தலைக்கு 10 லட்சம் டாலர் கட்டி 48 பேர் போக்கர் ஆடினார்கள். கட்டியதில் ஒன்பதில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போனது. பரிசு 9 பேருக்கு. 39 பேருக்கு ஒன்றுமில்லை. மற்ற இடங்களில் தர்மத்துக்குப் பதில் நடத்துகிறவன் பங்கு கழியும். எல்லோரும் சமமான கெட்டிக்காரர்கள் என்றால் சராசரியில் எல்லோருக்கும் நஷ்டமே. லாபம் வர, தோற்கத் தயாரான பணக்காரன் அதே மேஜையில் வேண்டும். 2019 லண்டன் போட்டியில் செல்வந்தர்களை அழைத்து, ஆளுக்கொரு தொழில்முறை ஆட்டக்காரரைக் கூட்டிவரச் சொன்னார்கள். அங்கே திறமைக்கு லாபம் உண்டு. அதற்கும் பல போட்டிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே தொழில்முறைக்காரர்கள் தங்கள் நுழைவுப் பணத்தைப் பங்கு போட்டு விற்கிறார்கள்.

சித்தப்பாவிடம் இருந்தது ஒரு போனஸ். எதிரே இருந்தவர்களும் அவரைப் போன்ற சம்பளக்காரர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கிளப்புக்கு ஒரு பங்கு.

1968இல் தமிழக அரசே லாட்டரி தொடங்கியது. சிவகாசி அச்சகங்கள் லாட்டரிச் சீட்டு அடித்துத் தள்ளின. 2003இல் தடை வந்தது. லாட்டரியில் விழாதவன் விதியை நொந்தான், அரசையும் திட்டினான். ரம்மியில் தோற்றவனோ தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறான். திறமை என்ற சொல்லாடல் செய்யும் வேலை இதுதான் என்று படுகிறது.

"அந்த ஒரு ஆட்டத்துல ஸ்கூட் விட்டிருக்கணும்டா" என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் சித்தப்பா. ஊர்க் கணக்கெல்லாம் எழுதியவர், கிளப் எடுத்த பங்கை ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.