முஸ்டாங்: பெயர் ஒன்று, வரலாறு இரண்டு



'முஸ்டாங்' என்றால் என்னவென்று நம் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாய்ந்தோடும் குதிரைச் சின்னம் பொறித்த ஃபோர்டு மகிழுந்து என்று பெரும்பாலோர் உடனே விடையளிப்பர். அச்சின்னத்தில் ஏன் குதிரை இருக்கிறது என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இரண்டாவது கேள்விக்கு உரிய விடையையே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். அவ்விடையில் நம் மொழிப் பாடத்திற்கும் ஒரு செய்தி இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம். இடைக்கால ஸ்பெயினின் காஸ்டில் அரசில் 'மெஸ்தா' என்றொரு கால்நடை உரிமையாளர் சங்கம் இருந்தது. 1273ஆம் ஆண்டில் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் அதற்கு உரிமைகள் வழங்கினார். உரிமையாளர் இன்னாரென்று அறியப்படாமல் திரியும் கால்நடைகள் அச்சங்கத்தைச் சேரும். அத்தகைய விலங்கை 'மெஸ்தேன்யோ' என்றனர். நம் வழக்கில் அடங்காது திரியும் மாட்டைப் 'பட்டிமாடு' என்பது போன்றதே இது. அச்சொல் மெக்சிகோவைக் கடந்து ஆங்கிலேயர் நாவில் புகுந்து 'முஸ்டாங்' ஆயிற்று. ஆக, இன்று பெருமிதத்தோடு உச்சரிக்கப்படும் பெயரின் மூலப் பொருள் 'கேட்பாரற்றது' என்பதேயாகும்.

குதிரை இனம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி வளர்ந்தது வட அமெரிக்க மண்ணில்தான். ஆயினும் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்கண்டத்தில் அது முற்றாக அழிந்தது. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்குக் குதிரைகளைக் கொண்டு சென்றார். 1519இல் கோர்த்தேஸ் பதினாறு குதிரைகளுடன் மெக்சிகோவில் இறங்கினார். ஸ்பானியக் குடியேற்றங்களிலிருந்து தப்பியவையும் கைவிடப்பட்டவையும் புல்வெளிகளில் பெருகின. தம் மூதாதையர் மறைந்த மண்ணுக்குக் குதிரைகள் கப்பலேறித் திரும்பி வந்தன என்று கூறலாம்.

அங்குள்ள பூர்வகுடி மக்களின் வாழ்வைக் குதிரை அடியோடு மாற்றியது. கொமாஞ்சி, லக்கோட்டா, ஷயென் முதலிய இனத்தார் காட்டெருமை வேட்டையிலும் போரிலும் பயணத்திலும் குதிரையையே நம்பி வாழ்ந்தனர். 1680இல் புவெப்ளோ மக்கள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த பின்னரே குதிரைகள் வடக்கே பரவின என்று நூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. தங்களிடம் அதற்கு முன்னரே குதிரைகள் இருந்தன என்பது பூர்வகுடிகள் பலரின் வாய்மொழி மரபு. 2023ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு பழைய குதிரை எலும்புகளைச் சோதித்து, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அம்மக்களிடையே குதிரைகள் பரவியிருந்ததைக் காட்டியது. எழுதி வைத்தவரின் சொல் மட்டுமே வரலாறு ஆகிவிடாது என்பதற்கு இதனை நல்லதொரு சான்றாக வகுப்பில் எடுத்துரைக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டு முஸ்டாங்குகளுக்குக் கொடிய காலமாக அமைந்தது. மேய்ச்சல் நிலத்திற்குப் போட்டி என்று பண்ணையாளர்கள் அவற்றை வெறுத்தனர். செல்லப் பிராணிகளின் உணவுக்கு அவற்றின் இறைச்சி விலைபோயிற்று. வானூர்தியை மிகத் தாழ்வாகப் பறக்கவிட்டு மந்தைகளை விரட்டினர். சரக்குந்துகளில் துரத்திச் சுருக்குக் கயிறு வீசினர். கயிற்றின் மறுமுனையில் கனத்த டயர் கட்டப்பட்டிருக்கும். அதை இழுத்து இழுத்துக் குதிரை சோர்ந்து விழும்.

இந்நிலையில்தான் மகிழுந்தின் வரலாறு தொடங்குகிறது. லீ ஐயகோக்கா தலைமையில் ஃபோர்டு நிறுவனத்தார் இளையோருக்கென ஒரு மலிவான, அழகான வண்டியை வடிவமைத்தனர். தங்களின் 'ஃபால்கன்' வண்டியின் உறுப்புகள் பலவற்றை அதில் பயன்படுத்தியதால் விலை குறைந்தது. 1964 ஏப்ரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே ஏறத்தாழ 22,000 வண்டிகளுக்கு முன்பதிவு நடந்தது. ஓராண்டிற்குள் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டவை விற்றன. இரண்டாண்டு நிறைவதற்குள் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. அறிமுகத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒரு வண்டியை விலைக்கு வாங்கியவர் சிகாகோவைச் சேர்ந்த இளம் பள்ளி ஆசிரியை ஒருவர் என்பது நமக்கு இனிக்கும் செய்தி!

பெயர் வந்த வகையில் இரு கதைகள் உள்ளன. வடிவமைப்பாளர் ஜான் நஜ்ஜார் இரண்டாம் உலகப் போரின் 'பி-51 முஸ்டாங்' போர் விமானத்தின் மீது கொண்ட பற்றினால் சூட்டினார் என்பது ஒன்று. நிறுவனத்தின் சந்தை ஆய்வாளரும் குதிரை வளர்ப்பவருமான ராபர்ட் எகர்ட் முன்மொழிந்தார் என்பது மற்றொன்று. எப்படியாயினும் சின்னமாக அமைந்தது குதிரையே. கடிவாளமும் சேணமும் இல்லாத குதிரை!

இங்குதான் என் மனம் நிலைகொள்ள மறுக்கிறது. பெயர் இலட்சக்கணக்கில் விற்பனையான அதே ஆண்டுகளில் பெயருக்குரிய உயிரினம் அழிவின் விளிம்பில் நின்றது. விடுதலையின் அடையாளம் என்று விளம்பரத்தில் போற்றப்பட்ட குதிரை, மலைப்பகுதிகளில் இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது.

அதனைத் தடுக்க முன்வந்தவர் பெருஞ்செல்வரோ அரசியல் தலைவரோ அல்லர். நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் அலுவலகச் செயலாளராகப் பணியாற்றிய வெல்மா ஜான்ஸ்டன் என்னும் பெண்மணி. இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் உடல் ஊனமுற்றவர். 1950இல் வேலைக்குச் செல்லும் வழியில், முன்னே சென்ற சரக்குந்திலிருந்து இரத்தம் சொட்டுவதைக் கண்டு பின்தொடர்ந்தார். உள்ளே காயமுற்ற குதிரைகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. அன்று தொடங்கிய போராட்டத்தின் விளைவாக 1959இல், அரசு நிலங்களில் மோட்டார் வண்டியாலும் வானூர்தியாலும் காட்டுக் குதிரைகளை வேட்டையாடுவதற்குச் சட்டம் தடை விதித்தது. எதிரிகள் அவரைக் 'காட்டுக் குதிரை ஆனி' என்று எள்ளினர். அவர் அதையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

அச்சட்டம் போதவில்லை. மீண்டும் போராட்டம் எழுந்தபோது அதற்குத் தோள் கொடுத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நாடெங்கும் மாணவர்கள் தம் கையெழுத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தனர். அதனைப் 'பென்சில் போர்' என்றே அழைத்தனர். 1971இல் இரு அவைகளிலும் ஒருவர்கூட எதிர்க்காமல் காட்டுக் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் அதிபர் நிக்சன் அதில் கையெழுத்திட்டார்.

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று பிள்ளைகளிடம் கூறிவிடுதல் தகாது. பாதுகாப்புக் கிடைத்ததும் மந்தைகள் பெருகின. நான்கைந்து ஆண்டுகளில் அவை இரட்டிப்பாகக் கூடும். 2024இல் அமெரிக்க அரசு நிலங்களில் காட்டுக் குதிரைகளும் கழுதைகளுமாக 70,000க்கும் மேற்பட்டவை இருந்தன. அந்நிலம் தாங்கும் என அரசு கணித்திருப்பதோ ஏறத்தாழ 26,000 மட்டுமே. பிடித்து அடைக்கப்பட்டுப் பராமரிக்கப்படுபவை மேலும் 60,000க்கும் அதிகம். கருத்தடை ஊசி போடுவதா, தத்துக் கொடுப்பதா, விட்டுவிடுவதா என்ற வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றுவது ஒருநாள் வேலையன்று. காத்தபின் அதனைப் பேணும் கடமை தலைமுறைகளுக்கும் தொடரும்.

ஆசிரியர்களே, நட்புக் கடிதம், அலுவல் கடிதம் என ஆண்டுதோறும் நாம் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், நாள், விளிப்பு என்று அமைப்பைத் திருத்தி மதிப்பெண் இடுகிறோம். அக்கடிதங்களுள் ஒன்றேனும் உண்மையான பெறுநரைச் சென்றடைந்ததுண்டா? பள்ளியருகே தூர்ந்துபோன ஓடையைப் பற்றி நகராண்மைக் கழகத்திற்கு ஒரு வகுப்பே எழுதலாம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அப்படியொரு கடிதம் எழுதினால் அஞ்சல் தலை வாங்கிக் கொடுங்கள். தன் எழுத்துக்கு எங்கோ ஒருவர் செவிசாய்ப்பார் என்று நம்பும் பிள்ளை மொழியைக் கைவிடாது.