சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பள்ளிக் கல்வி அமைப்பு

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பள்ளிகள் அம்மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் இயங்குகின்றன. சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆற்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும்வரை அது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் உருவானது. எல்லைகள் இப்படி மாறிக்கொண்டே வந்ததால், குப்பம், நகரி, சத்தியவேடு பக்கங்களில் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். இப்பகுதிப் பள்ளிகளின் தனித்தன்மையும் சிக்கலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

படிநிலைகள்

ஆந்திரத்தின் வழக்கமான அடுக்கு 5+2+3+2. ஒன்று முதல் ஐந்துவரை தொடக்கப் பள்ளி. ஆறும் ஏழும் மேல்தொடக்க நிலை. எட்டு, ஒன்பது, பத்து உயர்நிலை. அதன்பின் இரண்டாண்டு இன்டர்மீடியட். தமிழ்நாட்டில் நடுநிலை எட்டாம் வகுப்புவரை போகும். கட்டாயக் கல்விச் சட்டமும் எட்டு வரையிலான படிப்பையே தொடக்கக் கல்வி என்கிறது. ஆந்திரத்தில் ஏழோடு நிற்கும் பள்ளியில் படித்த பிள்ளை, சட்டப்படியான தொடக்கக் கல்வியை முடிக்கவே வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த அடுக்கைக் கலைத்து அடுக்கும் முயற்சிகள் அண்மையில் இருமுறை நடந்தன. 2022 ஜூனில் வந்த 117ஆம் எண் அரசாணை பள்ளிகளை ஆறு வகையாகப் பிரித்தது. முன்மழலை இரண்டாண்டுகளும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளும் சேர்ந்து அடித்தளப் பள்ளி ஆயின. மூன்று முதல் ஐந்துவரை படித்த பிள்ளைகளைப் பல இடங்களில் அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியோடு இணைத்தார்கள். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்பது அரசு சொன்ன நியாயம். எட்டு வயதுப் பிள்ளை ஊரைத் தாண்டிப் போக வேண்டுமே என்பது பெற்றோரின் கவலை. ஆட்சி மாறியபின், 2025இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ஒன்று முதல் ஐந்துவரை ஒரே இடத்தில், வகுப்புக்கு ஓர் ஆசிரியரோடு நடக்கும் மாதிரித் தொடக்கப் பள்ளி என்ற வகை வந்தது. மூன்றாண்டுக்குள் ஒரே ஊர்ப் பள்ளி இருமுறை பெயரும் வகுப்பும் மாறியது நல்ல நிர்வாகத்துக்கு அழகல்ல.

யார் நடத்துகிறார்கள்

கிராமத்துத் தொடக்கப் பள்ளி பெரும்பாலும் மண்டல பரிஷத் என்னும் ஒன்றிய அளவிலான உள்ளாட்சி அமைப்புடையது. உயர்நிலைப் பள்ளி மாவட்ட அளவிலான ஜில்லா பரிஷத்துடையது. இவை தவிர அரசின் நேரடிப் பள்ளிகள், நகராட்சிப் பள்ளிகள், உதவிபெறும் பள்ளிகள், தனியார் பள்ளிகள் உண்டு. மண்டல அளவில் மண்டலக் கல்வி அலுவலர்களும் மாவட்டத்துக்கு ஒரு மாவட்டக் கல்வி அலுவலரும் மேற்பார்வையிடுகிறார்கள். ஊரார் வாயில் இவர்கள் எம்.இ.ஓ., டி.இ.ஓ. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான மாவட்டப் பயிற்சி நிறுவனம் கார்வேட்டிநகரத்தில் இருக்கிறது. ஆசிரியர் நியமனம் டி.எஸ்.சி. எனப்படும் தேர்வின் வழியாக நடக்கிறது. 2025இல் மாநிலம் முழுவதற்குமாக 16,347 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது.

திருப்பதியில் சிறப்பாகக் காணப்படும் ஒன்று, திருமலை திருப்பதி தேவஸ்தானமே பள்ளி நடத்துவது. கோவிந்தராஜ சுவாமி பெயரிலும் பத்மாவதித் தாயார் பெயரிலும் உயர்நிலைப் பள்ளிகள், செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, ஆதரவற்றோருக்கு பாலமந்திரம் எனக் கோயில் வருமானத்தின் ஒரு பங்கு வகுப்பறைக்குப் போகிறது.

மதனப்பள்ளியிலிருந்து சென்னைக்கு

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். அதன் அருகே அவர் நிறுவிய ரிஷிவேலி உறைவிடப் பள்ளி வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கானதாகவே பெயர் பெற்றது. நாடு முழுவதற்கும் பயன்பட்டது அதன் பக்கத்துக் கிராமங்களில் நடந்த வேலை. ரிஷிவேலியின் கல்வி வள மையம் சுற்றுவட்டாரத்தில் சிறு பள்ளிகளைத் தொடங்கியது. ஓர் ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள். இப்படிப்பட்ட அறையில் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து நடத்த முடியாது. ஆகவே பாடத்தைச் சிறுசிறு படிகளாக உடைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் அறிமுகம், பயிற்சி, சோதனை, பின்தங்கியவருக்கு மீள்பயிற்சி என அட்டைகள் தயாரித்தார்கள். சுவரில் தொங்கும் ஏணிப் படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். பத்து நாள் விடுப்பு எடுத்த பிள்ளையும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வராமல் போகும் ஊர்களுக்கு இது பெரிய வசதி.

2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் இம்முறையைக் கற்றுக்கொண்டு தமிழில் அட்டைகள் உருவாக்கின. 2007 முதல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. மதனப்பள்ளி அடங்கிய ராயலசீமைப் பகுதியின் கரடுகளில் பிறந்த முறை பிறந்த மாநிலத்தைவிட அண்டை மாநிலத்தில் பெரிதாக வேர்விட்டது.

பயிற்றுமொழி

இரு மாவட்டங்களிலும் தெலுங்கு, ஆங்கில வழிகளோடு உருது வழியும், எல்லை மண்டலங்களில் தமிழ் வழியும் உண்டு. தமிழ் வழிப் பிள்ளைக்குத் தமிழ் முதல் மொழி, தெலுங்கு இரண்டாம் மொழி, ஆங்கிலம் மூன்றாம் மொழி. 2019 நவம்பரில் அரசுப் பள்ளிகளைத் தொடக்க வகுப்பிலிருந்தே ஆங்கில வழியாக்க அரசு ஆணையிட்டது. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் ஆங்கில வழியின் பக்கமே காற்று வீசுகிறது. ஒரு பக்கம் தெலுங்கும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக அச்சிட்ட இருமொழிப் பாடநூல்கள் அந்தக் காலத்தில் வந்தவை. தெலுங்குப் பிள்ளைக்கு அது கைகொடுக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கோ அதில் இரு பக்கமும் வேற்றுமொழி.

பத்தும் அதற்கு மேலும்

பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்.எஸ்.சி. பொதுத்தேர்வு: ஆறு பாடங்கள், 600 மதிப்பெண். தேர்ச்சிக்குப் பாடத்துக்கு 35 வேண்டும். இரண்டாம் மொழிக்கு மட்டும் 20 போதும். 2022இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. இணைப்பு வாங்கியிருந்தார்கள், 2024இல் அவை மாநில வாரியத்துக்கே திரும்பின.

பத்துக்குப் பிறகு தமிழ்நாட்டோடு வழி பிரிகிறது. அங்கே 1978 முதல் பிளஸ் டூ பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. ஆந்திரத்திலோ இன்டர் என்பது தனி வாரியத்தின்கீழ் ஜூனியர் காலேஜில் படிப்பது. கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தால் எம்.பி.சி.; கணிதத்துக்குப் பதில் உயிரியல் என்றால் பை.பி.சி. இரண்டு ஆண்டும் பொதுத்தேர்வு. பதினைந்து வயதில் பள்ளி, ஆசிரியர், நிர்வாகம் எல்லாமே ஒரே நாளில் மாறுகின்றன. அந்த இடைவெளியில்தான் பெரிய தனியார் ஜூனியர் காலேஜ்கள் விடுதியும் நுழைவுத்தேர்வுப் பயிற்சியுமாகச் செழித்தன. மறுபுறம், 2008இல் தொடங்கிய இடுப்புலபாயா உள்ளிட்ட ஆர்.ஜி.யு.கே.டி. பல்கலைக்கழக வளாகங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே ஆறாண்டுப் பொறியியல் படிப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு இது உண்மையான வாசல்.

உதவித் திட்டங்களும் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்ற அம்ம ஒடி திட்டம் 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில்தான் தொடங்கப்பட்டது. 2025இல் தல்லிக்கி வந்தனம் என்ற பெயரில், வீட்டில் எத்தனை பிள்ளை படித்தாலும் தலைக்கு என்று விரிந்தது. சீருடை, பை, புத்தகம் அடங்கிய தொகுப்புக்கு இப்போது சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பெயர். திருத்தணியில் பிறந்து திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர் அவர் என்பதால், இந்த மாவட்டங்களில் அந்தப் பெயர் பொருத்தமானதுதான்.

இன்டர் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ நடக்கின்றன. அதுவரையாவது தமிழில் படிப்பு தடைபடாமல் இருக்க, எல்லை மண்டலங்களில் பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்க்கும் பெற்றோர், அருகில் எந்த ஜில்லா பரிஷத் பள்ளியில் பத்துவரை தமிழ் வழி இருக்கிறது, பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதைச் சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.